இருபத்திரண்டு நொடிக்கு ஒரு ஆட்டம்

எந்திரம் ஓடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். ஓடுகிறது ஆனால் ஆடுகிறது என்றால்தான் என்னைக் கூப்பிடுவார்கள், அதுவும் மெக்கானிக் நாலு தடவை வந்து போன பிறகு.

காரைக்குடியில் பதினோரு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. தொழிலின் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. பாடப் புத்தகத்தில் 'இன்னதென்று தெரியாமல், முறை வைத்துத் திரும்பத் திரும்ப வரும் தொந்தரவை மதிப்பிட்டு விலக்குதல்' என்று போட்டிருக்கும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா ஒருமுறை இதை முழுதாகச் சொல்லிப் பார்த்தார். அடுத்து வந்தவர்களிடம் 'கரண்டு வேலை' என்று முடித்துக்கொண்டார்.

விஷயம் என்னவோ சின்னதுதான். ஒரு தொட்டில் ஆடுகிறது. யார் ஆட்டிவிட்டார்கள் என்று தெரியாது. எத்தனை நொடிக்கு ஒருமுறை நம் பக்கம் வருகிறது என்று மட்டும் தெரிந்துவிட்டால், வருகிற நேரத்தில் கையை எதிரே கொடுத்து அடக்கிவிடலாம். நேரம் தப்பிக் கையை வைத்தால் இன்னும் கூடுதலாக ஆடும். நான் படித்த கணக்கெல்லாம் அந்தக் கையை எப்போது, எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதற்குத்தான்.

என்னோடு கூட்டாளியாக வருபவர் அழகு அண்ணன். லேத் பட்டறை வைத்திருக்கிறார், மோட்டார் காயில் கட்டுவார். எனக்கும் அவருக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு வழக்கு. ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்துப் பிடுங்கி எறிய வேண்டும் என்பது அவர் கட்சி. எங்கிருந்தும் வரட்டும், எப்போது வரும் என்று தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. வீட்டில் கடகடவென்று அடித்துக்கொண்ட மிக்ஸியை ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போய், அங்கே அது பூனைபோல் ஓடக் கண்டு, அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்தவர்களுக்கு இந்த வழக்கின் அருமை புரியும்.

ஆச்சி வீட்டு ஷவர்

கண்டனூரில் ஒரு பெரிய வீடு. வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். கல்யாணம் என்றால் இருநூறு பேர் வந்து இறங்குவார்கள். வீட்டுக்கார விசாலாட்சி ஆச்சி அறைகளை எல்லாம் புதுப்பித்து, ஷவரும் வெந்நீரும் போட்டு வைத்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் எனக்குப் போன். ஷவரில் வரும் தண்ணீர் நாற்பது நொடிக்கு ஒருமுறை கொதிக்கிறது, அடுத்த நொடி குளிர்கிறது, மாப்பிள்ளை தலையில் சோப்போடு வெளியே வந்து நிற்கிறார் என்றார்கள்.

குளிர்ந்த தண்ணீரின் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. அந்த நேரத்தில் வெந்நீர் மட்டும் தலையில் விழுகிறது. எங்கோ ஏதோ ஒன்று முறை வைத்துத் தண்ணீரை இழுக்கிறது என்பது வரைக்கும் தெரிந்தது. சமையல்காரர்களா, பின்கட்டில் புதிதாக வைத்த எந்திரமா, ஒன்றும் புரியவில்லை. அழகு அண்ணன் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடிக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினார். மூன்றாவது குளியலறைக்குள் யாரோ ஒரு பெரியவர் இருந்ததால் அவருடைய ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

நான் குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளும் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, அழுத்தம் எப்போது இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு மணி நேரம் குறித்தேன். பிறகு, இறங்கப் போகும் நேரம் வந்தால் மோட்டார் தானே கொஞ்சம் வேகம் கூட்டிக்கொள்ளும்படி அமைத்தேன். அதன் பிறகு மாப்பிள்ளை முக்கால் மணி நேரம் குளித்தார். தண்ணீரை இழுத்தது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆச்சி கேட்டபோதும் தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யாருன்னு தெரியாமலே அடக்கிப்புட்டீக. இது மாதிரி ஒண்ணு எங்க சம்பந்தி வீட்டுக்கும் மாட்ட முடியுமா?"

முட்டைக்குக் காவல்

கண்டனூர் வெற்றியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்ததாக ஒக்கூரில் கோழிக்குஞ்சு பொரிக்கும் இடத்திலிருந்து அழைப்பு. முட்டை அடுக்கிய பெட்டி அறைக்குள் சூடு ஒரே அளவில் நிற்க வேண்டும். ஆனால் அரைமணிக்கு ஒருமுறை இறங்கி ஏறுகிறது. முதலாளி வெளியூரில் இருக்கிறார். பார்த்துக்கொள்பவர் சேவுகன் என்கிற பெரியவர். இரண்டு நாள், பகல் நேரத்தில், பதிவெடுத்தேன். சொல்லி வைத்தாற்போல அரைமணிக்கு ஒருமுறை இறக்கம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மட்டும் இறக்கமே இல்லை. அந்த இடைவெளியை நான் வெயில் நேரத்தின் கணக்கில் தள்ளிவிட்டு, இறங்குவதற்கு முன்பே சூட்டை ஏற்றிவிடும் ஏற்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

அழகு அண்ணனுக்குக் கணக்கு பார்க்கிற பொறுமை கிடையாது. டீயை வாங்கிக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரைமணிக்கு ஒருமுறை சேவுகன் எழுந்து போய் அறைக் கதவைத் திறப்பதையும், உள்ளே மாட்டியிருந்த மீட்டரை நிதானமாகப் படிப்பதையும், கதவை மூடிவிட்டு வந்து உட்காருவதையும் மூன்று முறை பார்த்தார். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பெரியவர் சாப்பிட்டுக் கண் அசருகிற நேரம். சூடு இறங்குகிறதா என்று அரைமணிக்கு ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி முதலாளி உத்தரவாம். கதவைத் திறப்பதால்தான் இறங்குகிறது என்று அண்ணன் எவ்வளவோ பக்குவமாக எடுத்துச் சொன்னார். சேவுகன் ஒப்புக்கொள்ளவில்லை.

"தொறந்து பாக்கலேன்னா எறங்குதா இல்லையான்னு எப்பிடிய்யா தெரியும்?"

சும்மா உட்காருவதற்குக் கூலி

ஆளுக்கு ஒரு வெற்றி என்று வழக்கு சமமாக நின்றபோதுதான் திருப்பத்தூர் பக்கம் கருப்பையா அண்ணாச்சியின் அரிசி மில்லுக்குப் போனோம். அங்கே மூட்டை நிரப்பும் தராசு ஒன்று. பையை மாட்டினால் அரிசி கொட்டும், இருபத்தைந்து கிலோ ஆனதும் தானே நிற்கும். தினமும் சில மூட்டைகள் எடை குறைந்து போயின. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். தராசுக்காரர்கள் வந்து பார்த்து, தராசில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் தராசில் நிற்கிற ஆளிடம்தான் கோளாறு என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார்.

தராசில் நின்றவர் செல்வி. முப்பத்தைந்து வயதிருக்கும். எட்டு வருடம் வெளியே களத்தில் நெல் கிண்டிக் காய வைத்தவர். காலெல்லாம் வெடிப்பு. தராசு வேலையைத் தானாகப் பார்த்துப் பழகி, கேட்டு வாங்கி, உள்ளே வந்து இரண்டு வருடம் ஆகிறது. உள்ளே ஒரு ஃபேன் உண்டு. அந்த ஃபேனுக்காகத்தான் எட்டு வருடம் பொறுத்தேன் என்று என்னிடம் சொன்னார். அவர் போனைப் பார்த்துக்கொண்டு பையைச் சரியாக மாட்டுவதில்லை என்பது அண்ணாச்சியின் கட்சி. இன்னும் ஒரு லோடு திரும்பி வந்தால் செல்வி மறுபடியும் களத்துக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

அழகு அண்ணன் மில்லைச் சுற்றி வந்துவிட்டு, மாடியில் அரிசியிலிருந்து நொய்யைச் சலிக்கிற சலிப்பான் இரண்டு ஓடுகிறது, அதன் மேல்தான் தனக்குச் சந்தேகம் என்றார். அதெல்லாம் வேண்டாம் அண்ணே என்றேன். கண்டனூர் வெற்றி என் தலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. தராசிலிருந்து அரிசி கொட்டும் நிரப்பிக்குப் போகிற கம்பியில், கணக்குப் போடும் என் சின்னப் பெட்டியைச் செருகி, அது காட்டும் எடையை நொடிக்கு நொடி பதிய விட்டுவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். திரும்பத் திரும்ப வருவதை அளக்க வேண்டுமென்றால் அது பல முறை வந்து போகும் வரை காத்திருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது சும்மா உட்காருவதாகத்தான் தெரியும். மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"சும்மா உக்காந்திருக்க எம் மச்சான் இருக்கான், இஞ்சினியரம்மா. அவனுக்குச் சோறு மட்டும் போட்டாப் போதும்."

போன் யார் போடுகிறார்கள்

நாலாம் நாள் பதிவை விரித்துப் பார்த்தேன். மூட்டைகளை எண்ணினால் எந்த ஒழுங்கும் தெரியாது; செல்வி பை மாட்டும் வேகம் முன்னே பின்னே இருக்கும், அதனால் எந்த மூட்டை சிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வெறும் எடையைப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. இருபத்திரண்டு நொடிக்கு ஒருமுறை முள் கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு கீழே இறங்கி அடங்குகிறது. ஆள் பக்கத்தில் இல்லாதபோதும் ஆடுகிறது. தூக்குகிற நேரத்தில் நிரம்பி முடிகிற மூட்டை, இருபத்தைந்து ஆகிவிட்டது என்று ஏமாந்து முன்னதாகவே நின்றுவிடுகிறது. இறங்குகிற நேரத்தில் முடிகிற மூட்டை கூடுதலாகப் போகும், அதை எந்தக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். செல்வி சாப்பிடப் போயிருந்த நேரத்துப் பதிவையும் காட்டினேன். அவர் இரண்டு தடவை கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தார். செல்வி இல்லாதபோதும் ஆடுகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும், இருக்கிறபோது அவளும் சேர்ந்து போன் பார்த்திருக்கலாமே என்று இழுத்தார். அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்தால் அவர் முதலாளி இல்லையே. பை மாட்டிக்கொண்டிருந்த செல்வி திரும்பாமலே சொன்னார்:

"இருவத்திரெண்டு நொடிக்கு ஒருக்கா பாக்குறதுக்கு எனக்கு அம்புட்டு மெசேஜ் யாரு போடுறாக, அண்ணாச்சி?"

படித்தது போதும்

பிறகு என் வேலை சுலபம். இருபத்திரண்டு நொடிக்கு ஒருமுறை வரும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பெட்டி கற்றுக்கொண்டது. தராசு காட்டும் எடையிலிருந்து அந்த அளவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் நிரப்பிக்குக் கொடுக்கும். முதல் நாளே அத்தனை மூட்டையும் சரியாக வந்தது. ஒரே ஒரு குறை. பெட்டி தொடர்ந்து கற்றுக்கொண்டே இருந்தால், அரிசி தொம்மென்று விழுகிற அதிர்ச்சியைக்கூடப் பாடமாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் தடுமாறியது. அதனால், கற்றது போதும் என்று அந்த இடத்திலேயே அதன் படிப்பை நிறுத்திப் பூட்டிவிட்டேன். இந்த வரியை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் ஒரு லோடும் திரும்பவில்லை. செல்வி ஃபேனுக்குக் கீழே நின்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்த்தார். அண்ணாச்சி பக்கத்து மில்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லி இரண்டு வேலை வாங்கிக் கொடுத்தார். அழகு அண்ணன் மட்டும் ஒவ்வொரு முறை மில்லைக் கடந்து போகும்போதும் மாடியை அண்ணாந்து பார்ப்பார். இரண்டுக்கு ஒன்று, வழக்கு முடிந்தது என்று நான் சீண்டினேன். அவர் பதிலுக்கு ஒன்றுதான் சொன்னார்.

"எதிரி யாருன்னு தெரியாமச் சண்டை போட்டா, அவன் செயிச்சானா செத்தானான்னும் தெரியாது, தங்கச்சி."

சந்தனம் வைத்த பிறகு

ஆயுத பூஜை வந்தது. நம் பக்கத்து மில்களில் அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வருடம் பூராவும் கிர்ரென்று ஓடுகிற எந்திரங்களை அந்த ஒரு நேரத்தில்தான் மொத்தமாக நிறுத்துவார்கள். துடைத்து, எண்ணெய் போட்டு, தேய்ந்தது கிழிந்ததை மாற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து முடிப்பார்கள். என் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார் செல்வி. எனக்கு போட்டோ அனுப்பினார். நான் அதை ஆச்சி உட்பட ஏழு பேருக்கு அனுப்பிப் பெருமை அடித்தேன்.

பூஜை முடிந்து பத்து நாளில் அண்ணாச்சியிடமிருந்து போன். ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை சில மூட்டை குறைச்சல், சில மூட்டை கூடுதல். என் பெட்டி நல்ல பெட்டிதான், மூன்று மாதம் ஒழுங்காக ஓடியதே, ஆகவே இப்போது சந்தேகமே இல்லை, ஆள்தான் என்றார். செல்வியை அன்று காலையே களத்துக்கு அனுப்பிவிட்டாராம். நானும் அழகு அண்ணனும் பைக்கில் போய் இறங்கும்போது, செல்வி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெட்டியைத் திறந்து, அது நிரப்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த எடையின் பதிவைப் பார்த்தேன். இருபத்திரண்டு நொடிக்கு ஒருமுறை அதே ஆட்டம். ஆனால் தலைகீழாக. முன்பு மேலே தூக்கிய இடத்தில் இப்போது கீழே இறங்குகிறது, கீழே இருந்த இடத்தில் மேலே தூக்குகிறது. அழகு அண்ணன் மாடிக்குப் போய்விட்டு வந்தார். இரண்டு சலிப்பானுக்கும் மயிரிழை அளவு வேக வித்தியாசம் உண்டாம். இருபத்திரண்டு நொடிக்கு ஒருமுறை இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து மாடித் தரையையும் கீழே நின்ற தராசையும் சேர்த்து உலுக்கிக்கொண்டிருந்திருக்கின்றன. பூஜைக்குத் துடைக்கும்போது மில் ஃபிட்டர் அவற்றின் அடியில் தேய்ந்துபோயிருந்த ரப்பர் கட்டைகளை மாற்றியிருக்கிறார். தரை இப்போது அசைவதே இல்லை. அசையாத தரைக்கு என் பெட்டி பத்து நாளாக, சந்தனப் பொட்டோடு, வராத ஆட்டத்தைக் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆட்டம் முழுக்க என்னுடையது. ஃபிட்டரிடம் இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பாவம், நியாயமாகத்தான் பதில் சொன்னார்.

"நல்லது பண்ணுனதுக்குமா போன் போட்டுச் சொல்வாக?"

களத்தில்

இனி நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பெட்டியின் பூட்டை எடுத்துவிட்டால் அது பத்து நிமிடத்தில் பழைய பாடத்தை மறந்து ஒழுங்காகிவிடும். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. அண்ணாச்சி என்மேல் சந்தேகப்படவே இல்லை. பக்கத்து இரண்டு மில்லிலும் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்தக் கதை வெளியே போனால் இரண்டும் போய்விடும். விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன் என்பது உண்மை. அழகு அண்ணன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியாகக் களத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பூட்டை எடுக்காமலே அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தராசுக்கும் பிழையில்லை, செல்விக்கும் பிழையில்லை, பெட்டிக்குக் கணக்கு எழுதிய ஆளுக்குத்தான் பிழை என்றேன். அவர் பெட்டியின் கம்பியைத் தானே பிடுங்கிப் பார்த்தார். நிரப்பிக்குப் போகும் எடை கல்லாக நின்றது. மறுபடி செருகினார், ஆடியது. நாலு தடவை பிடுங்கிச் செருகிய பிறகு, பெட்டியை என்ன செய்வது என்று என்னிடமே கேட்டார். இப்போதைக்கு அது வேண்டாம், ரப்பர் கட்டை மறுபடி தேயும், அப்போது வேண்டும் என்றேன். பக்கத்து மில்காரர்களிடம் இனி தான் சொல்ல மாட்டேன் என்றும், நானே போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். போய்ச் சொன்னேன். ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவர் இன்னும் யோசிக்கிறார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது அண்ணாச்சி என்னைக் கூட்டிக்கொண்டு நேராகக் களத்துக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் இல்லை. ஃபேனைப் போட்டுட்டு வந்திருக்கேன், கரண்டு வீணாப் போகுது, உள்ள போ ஆத்தா என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான்தான் வெயிலில் நின்றேன். செல்வி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடந்தது என்ன என்று விவரமாகக் கேட்டார். சொன்னேன். ஆட்டம் நின்ற பிறகும், அது இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பெட்டி எதிர்த்துக்கொண்டே இருந்தது, அந்த எதிர்ப்புத்தான் ஆட்டமாகிவிட்டது என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சிரித்துவிட்டார். நெல்லைக் காலால் இரண்டு தடவை தள்ளிவிட்டுச் சொன்னார்:

"அது பெட்டி, அதுக்கென்னக்கா தெரியும். எங்க மாமியா தெனம் காலையில ஆறு மணிக்கு வைய ஆரம்பிக்கும், நான் பதிலுக்குப் பதில் நிப்பேன். அது செத்து ஒரு வருசம் வரைக்கும் ஆறு மணியானா நான் ஏனம் சட்டியை எறிஞ்சுக்கிட்டுக் கெடந்தேன், எதுக்க ஆளில்லாம."

அதற்குப் பிறகு நான் எந்த மில்லுக்குள் நுழைந்தாலும், போன தடவை ஆடியது இன்னும் ஆடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கீழே வைக்கிறேன், அழகு அண்ணனோ எனக்கு முன்னால் மாடி ஏறிவிடுகிறார்.